சிறு வண்டியும் பெரு வேகமும்

சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்குச் சாலை வழியே செல்வோர் உளுந்தூர்ப்பேட்டையில் மேற்கே திரும்பி, கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர், சேலம் ஆகிய ஊர்களைக் கடந்து செல்வர். கள்ளக்குறிச்சியை நெருங்கும்போது வலப்புறத்தே கல்வராயன் மலைத்தொடர் நீல நிறத்துடன் நீண்டு தோன்றும். கோமுகி ஆறு பிறப்பது அம்மலையிலேதான். இச்சாலையின் இரு முனைகளிலும் உள்ள சென்னையும் கோயம்புத்தூரும் நம் நாட்டு மோட்டார்ப் பந்தய வரலாற்றில் சிறப்பிடம் பெற்ற நகரங்கள் ஆகும். சென்னையை அடுத்த சோழவரத்திலே பந்தயங்கள் வளர்ந்தன; கோயம்புத்தூரிலே பந்தய வண்டிகள் பிறந்தன.

மோட்டார்ப் பந்தயம் என்றவுடன், அது பெருஞ்செல்வர்க்கே உரிய விளையாட்டு என்று பலரும் எண்ணுவர். அவ்வெண்ணம் முற்றிலும் தவறன்று. பந்தயத்திற்கென்றே செய்யப்படும் வண்டியின் விலை மிகப் பெரிது. ஆயினும், விலை குறைந்த சாதாரண வண்டியொன்றை வாங்கி, அதனைப் பிரித்து, வேண்டாதவற்றை நீக்கி, வேண்டுவனவற்றைச் சேர்த்து, தம் கையாலேயே பந்தய வண்டி செய்துகொண்டோர் உலகில் பலர் உளர். அவர்தம் முயற்சி எத்தகையது என்பதையும், அம்முயற்சியால் நம் தமிழ்நாடு அடைந்த பயன் யாது என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

விற்பனைக்கு வரும் மோட்டார் வண்டி பலருடைய தேவைகளையும் கருதிச் செய்யப்படுவது. குடும்பத்தார் அமர மெத்தையிட்ட இருக்கைகள், ஏறி இறங்கக் கதவுகள், மழையும் வெயிலும் தாக்காமற் காக்கும் கூரை, பெட்டிகளை வைக்கும் இடம் முதலியன அதில் உண்டு. பந்தய வண்டிக்கு இவை வேண்டுவதில்லை. எஞ்சின், கியர்ப்பெட்டி, சக்கரங்கள், பிரேக்குகள், திருப்புச் சக்கரம், ஒருவர் அமரும் இருக்கை, விபத்து நேரின் அவரைக் காக்கும் உறுதியான சட்டம் ஆகியவை இருந்தாற் போதும். எனவே, பந்தய வண்டி செய்வோன் முதலிற் கற்க வேண்டியது சேர்க்கும் கலையை அன்று. நீக்கும் கலையையே ஆகும்.

இதன் காரணத்தை ஒரு கணக்கால் அறியலாம். 1000 கிலோகிராம் எடையுள்ள வண்டியில் 50 குதிரைத் திறன் கொண்ட எஞ்சின் இருப்பதாகக் கொள்வோம். அவ்வண்டியில் ஒவ்வொரு குதிரைத் திறனும் 20 கிலோகிராம் எடையை இழுக்க வேண்டும். வண்டியின் எடையை 500 கிலோகிராமாகக் குறைத்துவிட்டால், ஒவ்வொரு குதிரைத் திறனுக்கும் 10 கிலோகிராம் சுமையே எஞ்சும். எஞ்சினில் ஒரு திருகாணியையும் மாற்றாமலே அதன் ஆற்றலை இரு மடங்காக்கியதற்கு இது நிகராகும். கரும்பேற்றிய வண்டியை மெல்ல இழுத்துவரும் காளைகள், சுமையை இறக்கிய பின்னர் வீடு திரும்புகையில் எவ்வளவு விரைந்து நடக்கின்றன என்பதை நாம் கண்டதில்லையா? காளைகள் அவையே, சுமைதான் வேறு.

எடையைக் குறைக்கும்போது உறுதி குறையலாகாது. இங்கேதான் அறிவு துணைக்கு வருகிறது. நான்கு மூங்கிற் கழிகளைச் சதுரமாகக் கட்டி, ஒரு மூலையைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். சதுரம் சாய்ந்து உருக்குலையும். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஐந்தாவது கழியொன்றைக் குறுக்கே கட்டிவிட்டால், சதுரம் இரு முக்கோணங்களாகிவிடும். பின்பு எவ்வளவு தள்ளினும் வடிவம் மாறாது. நம் ஓட்டு வீடுகளின் கூரையைத் தாங்கும் மரச்சட்டங்களிலும், ஆற்றின் மேல் அமைந்த இரும்புப் பாலங்களிலும் இம்முக்கோண அமைப்பைக் காணலாம். மெல்லிய இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்துப் பற்றவைத்தால், எடை குறைந்ததும் வலிமை மிக்கதுமான அடிச்சட்டம் கிடைக்கும். வீட்டிலே செய்யப்படும் பந்தய வண்டிகள் பலவற்றின் எலும்புக்கூடு இதுவேயாகும்.

இனி, வண்டி வளைவிலே திரும்பும்போது கவிழாதிருக்க வேண்டும். கச்சிராயப்பாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் வண்டிகளை உற்று நோக்குங்கள். சுமை உயர உயர, திருப்பத்தில் வண்டி சாயும் அளவும் மிகும். ஆகவே பந்தய வண்டியில் எஞ்சின், ஓட்டுநர், எரிபொருள் ஆகிய பாரமெல்லாம் தரைக்கு அருகிலேயே அமையும்படி செய்வர். ஓட்டுநர் ஏறக்குறையப் படுத்த நிலையில் அமர்ந்திருப்பதற்குக் காரணம் இதுவே.

பிரேக்கின் இன்றியமையாமையையும் மறத்தலாகாது. வேகம் இரு மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். அவ்வாற்றல் முழுவதையும் வெப்பமாக மாற்றிக் காற்றிலே கலக்கச் செய்வது பிரேக்கின் கடமை. நிறுத்த அறியாதவன் ஓட்டத் தகுதியற்றவன் என்பது பந்தயக்காரர்க்கு முதற் பாடமாகும்.

இக்கலை மிகச் சிறந்து வளர்ந்த நாடுகளுள் இங்கிலாந்து ஒன்று. அங்கே 1922இல் ஆஸ்டின் செவன் என்னும் சிறு வண்டி விற்பனைக்கு வந்தது. 747 கன சென்டிமீட்டர் கொள்ளளவே உடைய எஞ்சினைக் கொண்ட அவ்வண்டி, எளிய குடும்பத்தாரும் வாங்கத்தக்க விலையில் விற்கப்பட்டது. ஆண்டுகள் பல சென்றபின் பழைய ஆஸ்டின் செவன் வண்டிகள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. அவற்றை வாங்கிப் பந்தய வண்டிகளாக மாற்றும் வழக்கம் இளைஞரிடையே பரவிற்று. அத்தகையோர்க்கென 1939இல் ஒரு சங்கமும் தோன்றியது. ஆஸ்டின் எஞ்சினின் அளவை நினைவூட்டும் வகையில் அதற்கு 750 மோட்டார்ச் சங்கம் என்று பெயரிட்டனர்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பொறியியல் பயின்ற காலின் சாப்மன் என்னும் இளைஞர், 1948இல் பழைய ஆஸ்டின் செவன் ஒன்றைப் பிரித்துத் தம் முதல் வண்டியைச் செய்தார். அவருக்குப் பெரிய தொழிற்சாலை இல்லை. தமக்கு மனைவியாக வரவிருந்த பெண்ணின் பெற்றோர் வீட்டுக் கொட்டகையே அவருக்குப் பட்டறை. சில ஆண்டுகளில் அவர் நுட்பமான ஒரு செயலைச் செய்தார். ஆஸ்டின் எஞ்சினில் நான்கு உருளைகளுக்கும் காற்றும் எரிபொருளும் செல்ல இரண்டே வழிகள் இருந்தன. இரண்டிரண்டு உருளைகள் ஒரு வழியைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. சாப்மன் அவ்வழிகளை நடுவே பிரித்து, ஒவ்வோர் உருளைக்கும் தனி வழி கிடைக்கச் செய்தார். அவர் வண்டி மற்றவற்றை எளிதில் வென்றது. அதனால், அம்முறையைப் பின்னர் விதிகளிலே தடை செய்யவும் நேர்ந்தது. அவர் நிறுவிய லோட்டஸ் நிறுவனத்தின் வண்டிகள் 1963 முதல் 1978 வரை ஏழு முறை பார்முலா 1 பந்தயத்தில் உலகச் சிறப்புப் பட்டத்தை வென்றன. கொட்டகையிலே தொடங்கிய முயற்சி உலக அரங்கினை எட்டிய வரலாறு இது.

நியூசீலாந்திலே பிறந்த புரூஸ் மெக்லாரனும் பள்ளிப் பருவத்தில் ஓட்டிய முதற் பந்தய வண்டி ஓர் ஆஸ்டின் செவனே. அவ்வண்டியைத் தந்தையும் மகனும் சேர்ந்து செப்பனிட்டனர். அச்சிறுவர் பின்னாளில் நிறுவிய மெக்லாரன் குழு இன்றும் உலகப் பந்தயங்களில் கலந்துகொள்கிறது.

குடும்ப வண்டியை விட இருவர் மட்டும் அமரும் விளையாட்டு வண்டி இதற்கு ஏற்றது என்பதைப் பிற்காலத்தவர் கண்டனர். இயல்பாகவே எடை குறைந்தும் தரைக்குத் தாழ்ந்தும் இருப்பது அதன் சிறப்பு. லோட்டஸ் நிறுவனம் 1957இல் வெளியிட்ட செவன் என்னும் வண்டியை உறுப்பு உறுப்பாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். 1996இல் ரான் சாம்பியன் என்னும் ஆங்கிலேயர், பழைய வண்டியொன்றின் உறுப்புக்களைக் கொண்டு 250 பவுன் செலவிலே அத்தகைய விளையாட்டு வண்டியைச் செய்யும் முறையை விளக்கி ஒரு நூல் எழுதினார். அந்நூலைப் படித்துத் தம் வீட்டிலே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்தோர் பல நாடுகளிலும் உளர். சப்பான் நாட்டு மாஸ்டா நிறுவனம் 1989இல் வெளியிட்ட எம்.எக்ஸ்-5 என்னும் திறந்த விளையாட்டு வண்டி 2016இல் பத்து இலட்சத்தை எட்டியது. இவ்வளவு மிகுதியாகச் செய்யப்பட்டதனால், பழைய வண்டிகளும் உதிரி உறுப்புக்களும் மேலைநாடுகளில் எளிதிற் கிடைக்கின்றன. மேற்கூட்டைக் கழற்றிவிட்டு, எஞ்சின் முதலியவற்றைப் புதிய குழாய்ச்சட்டத்திலே பொருத்திப் பந்தயத்திற்கு ஓட்டுவோர் பலர்.

இனி நம் நாட்டைக் காண்போம். விடுதலைக்குப் பின் நெடுங்காலம் வெளிநாட்டு வண்டிகளை இறக்குமதி செய்யக் கடுங்கட்டுப்பாடு இருந்தது. அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு என்னும் சில வகை வண்டிகளே இங்குக் கிடைத்தன. மலிவான விளையாட்டு வண்டி என்பது காணற்கரிய பொருளாயிற்று. எனினும் ஆர்வமுள்ளோர் கைகட்டி நிற்கவில்லை. சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, தனி அடிச்சட்டம் உடைய வண்டி. அதன் இங்கிலாந்து வடிவத்தின் அடிச்சட்டத்தைச் சுருக்கித் திருத்தியே 1962இல் டிரையம்ப் ஸ்பிட்பயர் என்னும் விளையாட்டு வண்டியை அந்நாட்டார் வெளியிட்டனர். குடும்ப வண்டிக்குள்ளே விளையாட்டு வண்டி மறைந்திருக்கிறது என்பதற்கு இஃது ஒரு சான்று.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று பயனற்றுக் கிடந்தது. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார் அதனைப் பந்தயக் களமாக்கினர். ஆண்டுதோறும் அங்கு நடந்த பந்தயங்களைக் காண மக்கள் பெருந்திரளாகக் கூடினர். செல்வர்கள் கொணர்ந்த வெளிநாட்டு வண்டிகளோடு, உள்நாட்டு வண்டிகளின் எஞ்சினையும் உறுப்புக்களையும் கொண்டு பட்டறைகளிலே செய்யப்பட்ட வண்டிகளும் அங்கு ஓடின. பின்னர், அச்சங்கத்தார் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள தனிப் பந்தயத் தடத்தை அமைத்தனர். அஃது 1990இல் பயன்பாட்டிற்கு வந்தது.

களம் அமைந்தது, ஆனால் பந்தயம் ஓட்ட விரும்பும் எளிய இளைஞன் வண்டிக்கு எங்கே போவான்? வெளிநாட்டிலிருந்து வருவித்தால் விலையும் வரியும் தாங்கவொண்ணா. ஓர் உறுப்புப் பழுதுபட்டாலும் மாற்று உறுப்புக் கடல் கடந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். இக்கேள்விக்கு விடை கண்டவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன் ஆவார்.

கோயம்புத்தூர், பஞ்சாலைகளும் வார்ப்படச் சாலைகளும் நீரிறைக்கும் பொறி செய்யும் பட்டறைகளும் நிறைந்த நகரம். அங்கே இரும்பை உருக்கவும் கடையவும் பற்றவைக்கவும் வல்ல தொழிலாளர் தெருத்தோறும் உளர். ஜி. டி. நாயுடு போன்ற பொறியியல் மேதைகள் வாழ்ந்த இடமும் அதுவே. 1954இல் பிறந்த கரிவரதன் பஞ்சாலைத் தொழிற் குடும்பத்தவர். தாமே பந்தய வண்டி ஓட்டியவர். விமானம் ஓட்டுவதிலும் பயிற்சி பெற்றவர். தமக்கு வேண்டிய வண்டியைப் பெறுவதோடு நின்றுவிடாமல், பிறரும் ஓட்டத்தக்க வண்டியை உருவாக்க அவர் எண்ணினார்.

அக்காலத்தில் நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்த சிறு வண்டி மாருதி 800. 1983இல் வெளிவந்த அவ்வண்டியின் எஞ்சின் மூன்று உருளைகளையும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவையும் உடையது. ஆஸ்டின் செவன் எஞ்சினைக் காட்டிலும் அது சிறிதளவே பெரிது. குடும்ப வண்டியில் முன்புறம் இருந்த அவ்வெஞ்சினையும் அதனோடிணைந்த கியர்ப்பெட்டியையும், குழாய்ச்சட்டத்தால் ஆன ஒற்றை இருக்கை வண்டியில் ஓட்டுநரின் பின்னே பொருத்தினர். முன்சக்கரங்களைச் சுழற்றிய பொறி, இடம் மாறியதனால் பின்சக்கரங்களைச் சுழற்றியது. 1988இல் தோன்றிய இவ்வகை வண்டிக்குப் பார்முலா மாருதி என்று பெயர் வழங்கலாயிற்று. எஞ்சின் பழுதுபட்டால் அயல்நாட்டை நோக்கிக் காத்திருக்க வேண்டியதில்லை. மாருதி வண்டியின் உறுப்புக்கள் விற்கும் எந்தக் கடையிலும் அதனைச் சீர்செய்யும் பொருள்கள் கிடைத்தன.

இதனால் விளைந்த மற்றொரு நன்மை எண்ணத்தக்கது. பந்தயத்தில் ஓடும் வண்டிகள் யாவும் ஒரே வகையின ஆனபோது, பணப்பையின் கனத்தால் வெல்லும் வாய்ப்புக் குறைந்தது. வளைவிலே எங்கே வேகத்தைக் குறைப்பது, எங்கே கூட்டுவது, டயரின் பிடிப்பை எவ்வாறு அறிவது என்னும் திறமையே வெற்றிக்குக் காரணமாயிற்று. யாவர்க்கும் ஒரே வகைக் கருவியைக் கொடுத்த பின்னர்த்தான் யார் திறமையாளர் என்று துணிந்து கூற முடியும்.

கரிவரதன் 1995இல் விமான விபத்தொன்றில் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு அகவை நாற்பத்தொன்று. ஆனால் அவர் இட்ட வித்து முளைத்திருந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், பார்முலா மாருதியிலேதான் தம் பந்தய வாழ்வைத் தொடங்கினார். முதற் போட்டியிலேயே பரிசு மேடை ஏறினார். 1992இல் பிரான்சு நாட்டுப் பந்தயப் பள்ளியில் பயின்றார். 2005இல் ஜார்டன் குழுவின் சார்பில் பார்முலா 1 பந்தயத்தில் ஓடி, அவ்வரங்கில் ஓடிய முதல் இந்தியர் என்னும் பெருமையைப் பெற்றார். அவ்வாண்டு அமெரிக்காவில் நடந்த பந்தயத்தில் நான்காம் இடமும் பெற்றார். சிறு மாருதிக்கும் பார்முலா 1 வண்டிக்கும் இடையே உள்ள தொலைவு மிகப் பெரிது. அதனைக் கடக்கப் பல படிகளும் பலர் துணையும் வேண்டும். ஆயினும், ஏணியின் முதற்படி எட்டும் உயரத்தில் இல்லாவிடில் அதன் உச்சி எவ்வளவு உயரமாயிருந்தும் என்ன பயன்? அம்முதற்படியை அமைத்தவர் கரிவரதன். கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

மாணவர்களே! இங்கு நீங்கள் மனத்திற் பதிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பந்தயத்தின் இடம் மூடிய தடமே; பொதுச்சாலை அன்று. தடத்திலே எதிரே வண்டி வாராது. சிறுவரும் ஆடுமாடுகளும் குறுக்கிடா. ஓட்டுநர் தலைக்கவசமும் தீப்பற்றா உடையும் அணிந்து, இருக்கையோடு பட்டைகளாற் பிணிக்கப்பட்டிருப்பார். பந்தயத்திற்கு முன் ஒவ்வொரு வண்டியையும் அதிகாரிகள் சோதிப்பர். மருத்துவரும் தீயணைப்போரும் ஆயத்தமாய் நிற்பர். கச்சிராயப்பாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் மலைச்சாலையிலோ, வளைவுக்கு அப்பால் யார் வருகிறார் என்பதை எவரும் அறியார். தலைச்சுமையோடு சந்தைக்கு இறங்கும் மலைவாழ் மக்கள் அங்கு நடந்து வரக்கூடும். அங்கே வேகத்தைக் காட்டுவது வீரம் அன்று, அறியாமை. பதிவு செய்த வண்டியின் அமைப்பை மனம்போல் மாற்றிப் பொதுச்சாலையில் ஓட்டுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் தடுக்கின்றது.

ஆர்வத்தைச் செலுத்தத்தக்க நல்வழிகள் வேறு உண்டு. பொறியியற் கல்லூரி மாணவர் குழுவாகக் கூடிச் சிறு பந்தய வண்டியைத் தாமே வரைந்து, தாமே செய்து, தாமே ஓட்டிக் காட்டும் போட்டிகள் நம் நாட்டில் நடைபெறுகின்றன. அங்கே வேகம் மட்டும் அளக்கப்படுவதில்லை. இச்சட்டத்தை ஏன் இவ்வாறு அமைத்தாய், இதற்கு எவ்வளவு செலவாயிற்று என்னும் வினாக்களுக்கும் மாணவன் விடை கூற வேண்டும்.

சாப்மனிடம் இருந்தது பழைய ஆஸ்டின். கரிவரதன் எடுத்துக்கொண்டது நாடெங்கும் ஓடிய சிறு மாருதி. இல்லாத பொருளை எண்ணி ஏங்குவதை விடுத்து, கையிலுள்ள பொருளின் இயல்பை முற்றும் அறிந்து, அதில் எது வேண்டும், எது வேண்டா என்று தெளிந்தமையே அவர்தம் வெற்றிக்கு அடிப்படை. மிதிவண்டியோ நீரிறைக்கும் பொறியோ உங்கள் வீட்டில் பழுதுற்றுக் கிடக்குமாயின், பெரியோர் துணையுடன் அதனைக் கவனமாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பும் எதற்காக அங்கே இருக்கிறது என்று வினவுங்கள். அவ்வினாவே பொறியியலின் தொடக்கமாகும்.

அருஞ்சொற்பொருள்

அடிச்சட்டம் – வண்டியின் உறுப்புக்கள் யாவற்றையும் தாங்கும் அடிப்பகுதி
உருளை – எஞ்சினுள் எரிபொருள் எரியும் அறை
வார்ப்படச் சாலை – உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றிப் பொருள் செய்யும் இடம்
அகவை – வயது

பயிற்சி

1. எடையைக் குறைப்பது எஞ்சினின் ஆற்றலைக் கூட்டுவதற்கு எவ்வாறு நிகராகும்?
2. முக்கோண அமைப்பின் சிறப்பை மூங்கிற் கழிகளைக் கொண்டு விளக்குக.
3. பார்முலா மாருதி வண்டியால் விளைந்த நன்மைகள் யாவை?
4. மலைச்சாலையில் வேகமாகச் செல்லுதல் ஏன் தகாது? உம் ஊர்ச் சாலையொன்றை எடுத்துக்காட்டி ஒரு பத்தி எழுதுக.
5. பிரித்து எழுதுக: அவ்வெண்ணம், முதற்படி, பெருஞ்செல்வர், காணற்கரிய.